கடைசிப் பக்கத்துப் பருந்துகள்

ஓய்வுபெற்ற ஊதாப் பருந்துகள் அத்தனை பேரும் அச்சகத்தின் மேல்மாடியில்தான் குடியிருந்தார்கள். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் அவர்களுக்குள் வாளிச் சண்டை வருவதைத் தவிர, அவர்களால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. முதல் பருந்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. விழித்திருக்கும்போது பறப்பது எப்படி என்று அவருக்கு மறந்துபோனது. தூங்கும்போது மட்டும் தானாக மேலே போய்விடுவார் என்பதால், பழைய சைக்கிள் டியூபால் அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரண்டாமவர் அவருடைய அக்கா மகன். மூன்றாவது பருந்து ஒரு பெண். ஆறாவது பருந்து அவளுடைய மகள்தான், ஆனால் எதிர்காலத்திலிருந்து வந்து சேர்ந்தவள் என்பதால் அம்மாவைவிடப் பத்து வயது பெரியவள். மூட்டுவலிக்கு இருவரும் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். மகளுக்கு வந்துவிட்ட வலி, அம்மாவுக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

இது இப்படி ஆனதற்குக் காரணம் பெரிய முதலாளி. செவ்வாய்க்கிழமைதோறும் வெளிவரும் அந்தப் படக்கதை வார இதழைத் தொடங்கிய புதிதில், பரபரப்பாக இருக்கட்டும் என்று அதன் நாயகனான முதல் பருந்தை எரிமலைக்குள் விழவைத்துக் கொன்றுவிட்டார். அந்த வாரம் ஊரில் பாதிக் குழந்தைகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்க, பெற்றவர்கள் அச்சகத்து வாசலில் கூடி முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த இதழில் பருந்து எரிமலையிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். அன்றைக்கு முதலாளி ஒரு சட்டம் போட்டார்: இனி எந்தப் பருந்தும் சாகக்கூடாது, வயதானால் மேலங்கியைக் கழற்றி அடுத்தவர் தோளில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். விலகியவர் எங்கே போவார் என்று அவர் யோசிக்கவில்லை. சில வருடம் கழித்து, முதல் பருந்து விலகிய இதழ் செவ்வாய்க்கிழமை வெளியானது. புதன்கிழமை காலையில் அவர் ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி மேல்மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கதாசிரியை அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மேலே நான்கு பேர் இருந்தார்கள், ஐந்தாமவர் தாளில் ஓடிக்கொண்டிருந்தார். கதை எழுதுவதுதான் வேலை என்று நினைத்து வந்தவளுக்கு, ஆட்களைக் கட்டி மேய்ப்பதுதான் வேலை என்று ஒரே மாதத்தில் புரிந்துவிட்டது. விலகிய பருந்து வாரக்கணக்கில் அச்சில் தலைகாட்டாமல் இருந்தால் அவருக்கு நிறம் போய்விடும். முதலில் ஊதா சாம்பலாகும், அப்புறம் உதடு வெளுக்கும். ஆகவே ஒவ்வொரு கதையிலும் அவர்களை எங்கேயாவது சொருக வேண்டும். ஒருவரைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைத்தாள், ஒருவரைத் தொலைபேசியில் பேசவைத்தாள், ஒருவரைச் சுவரில் மாட்டிய புகைப்படமாக்கினாள். புகைப்படமானவர் ஒரு வாரம் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பருந்து இரண்டாம் பக்கத்தில் திருடனைப் பிடித்தால், மூன்றாம் பக்கம் முழுக்கப் பெரியப்பாவும் அத்தையும் வந்து பாராட்டியாக வேண்டும். வில்லனுக்குப் பேசவே இடம் கிடைக்கவில்லை. யார் யாருக்கு என்ன முறை, யாருக்கு யாருடைய ரகசியம் தெரியும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவள் தலையில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்தால், பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாரு யாருக்கு மாமா?" என்று கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வரும், தலைவலியும் வரும்.

ஓவியர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். அவருக்குக் கை வலித்த ஒரு வாரத்தில், எல்லோரையும் ஒரே கட்டத்தில் முடித்துவிடலாம் என்று, சூரியன் மறைவதை வரிசையாக நின்று பார்ப்பதுபோல முதுகை மட்டும் வரைந்துவிட்டார். அந்த இதழ் வந்ததிலிருந்து அடுத்த இதழ் வரும்வரை மேல்மாடியில் எல்லோருக்கும் முதுகு மட்டும்தான் இருந்தது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் முதுகுதான் தெரிந்தது. டீ கொண்டுபோனவர் யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஓவியர் ஒரு வாரம் மாடிப் பக்கமே போகவில்லை.

ஏழாவதாக வந்தவனைக் கதாசிரியை தானே யோசித்து உருவாக்கினாள். அதற்கு முன் இருந்தவர்கள் எல்லாம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள், இவன் அவள் பெற்ற பிள்ளை. அவனுக்கு உயரம் என்றால் பயம். பயந்துகொண்டே பறக்கிற ஒருவன்தான் நிஜமான வீரன் என்று அவள் நினைத்தாள். வாசகர்கள் அப்படி நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பறக்கிறவனை எதற்குக் காசு கொடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டே இதழ், மூன்றாவது இதழில் ஒரு காரணமும் சொல்லாமல் அவன் இடத்தில் வேறொருவன் வந்துவிட்டான். தேர்வுக்குத் தாமதமாக வந்தவன்போன்ற முகத்தோடு அவன் மாடிக்கு ஏறி வந்தபோது, அவனுக்குப் பாய் விரிக்கக்கூட இடமில்லை. மற்றவர்கள் அவனுக்கு 'ரெண்டு வாரம்' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு ஊரும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அதையெல்லாம் மூன்றாவது இதழில் எழுதிக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவைத்திருந்தாள். அந்த வருத்தம் அவளுக்கு எப்போதும் இருந்தது. அவனோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொட்டுகிற குழாயை எல்லாம் சரிபண்ணினான், முதல் பருந்துக்குக் கால் பிடித்துவிட்டான், அவள் மாடிக்கு வந்தால் தன் முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவளுக்குக் குழந்தை இல்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவுக்கு வரும், ஆனால் அந்த நினைவு அப்போது வலிக்காது.

வருடங்கள் ஓடின. பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். சின்ன முதலாளி வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மாடியில் அப்போது பதினேழு பேர் இருந்தார்கள். இதழைத் திறந்தால் முதல் மூன்று பக்கமும் 'இதுவரை நடந்தது' என்றே ஓடியது. புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள் நான்காம் பக்கம் போவதற்குள் தூங்கிவிட்டார்கள். சின்ன முதலாளி கதாசிரியையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், முதல்ல இருந்து ஆரம்பிக்கப் போறோம். ஒரே ஒரு பருந்து. சின்னப் பையன். மத்தவங்க யாரும் இருந்ததே இல்ல."

"செத்துட்டாங்கன்னு எழுதணுமா சார்?"

"சேச்சே, செத்தா சமாதி கட்டச் சொல்லுவாங்க, வருஷா வருஷம் நினைவு மலர் கேப்பாங்க. இருந்ததே இல்ல. அதான் சுத்தம்."

இருபது வருடம் ஆமாம் சார், சரி சார் என்று சொன்ன அவள் வாய், வேறு ஒன்று சொல்லத் தயாராக வேண்டியிருந்தது. "நான் எழுத மாட்டேன் சார்" என்றாள். அவர் கோபப்படவில்லை. எழுத வேறு ஆள் பார்த்தாயிற்று என்றும், அவளை வெளியே அனுப்பப் போவதில்லை என்றும், கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கான புதிர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். புள்ளிகளை இணைப்பது, ஆறு வித்தியாசங்கள், வழி கண்டுபிடிப்பது, இப்படி. அதில் யாரும் யாருக்கும் மாமா இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

புது எழுத்தாளர் நன்றாகவே எழுதினார், இல்லை என்று சொல்ல முடியாது. இளம் பருந்து துருதுருவென்று இருந்தான், வில்லனுக்குப் பேச இடம் கிடைத்தது, பிள்ளைகள் கடைசிவரை தூங்காமல் படித்தார்கள். மாடியில்தான் நிறம் போக ஆரம்பித்தது. இரண்டே இதழ் மையில் உருவானவன் என்பதால் ரெண்டு வாரம் முதலில் வெளுத்தான். ஒருநாள் அவள் போனபோது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், அவன் நெஞ்சுக்குப் பின்னால் எதிர்க் கட்டிடத்துக் கொடியில் காயும் துணிகள் தெளிவாகத் தெரிந்தன.

"நான் போனா இவருக்குக் கால் பிடிக்க யாராவது வேணும்கா. பாதத்துல அழுத்தக்கூடாது, கத்துவாரு. சொல்லி வைங்க" என்றான்.

"நீ எங்கயும் போகல" என்றாள் அவள். சொன்ன வேகத்தில் அவளுக்கே குரல் புதிதாக இருந்தது.

படி இறங்கி நேராக ஓவியரிடம் போய், கடைசிப் பக்கத்துப் புதிரில் அவனைப் போடச் சொன்னாள். அவர் முதலில் தயங்கினார். இன்னும் கொஞ்ச நாளில் மகளுக்குக் கல்யாணம், இந்த நேரத்தில் வேலைக்கு ஆபத்தை வரவழைத்துக்கொள்ள முடியுமா என்றார். அவள் கெஞ்சவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் பென்சிலைச் சீவினார், சீவியதையே மறுபடியும் சீவினார், அப்புறம் தாளில் புள்ளி வைக்கத் தொடங்கினார். புள்ளிக்கு ஒரு எண்.

"நான் எதையும் வரையல தங்கச்சி. புள்ளிதான் வச்சேன். பிள்ளைங்க கோடு போட்டா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

செவ்வாய்க்கிழமை இதழ் வந்தது. ஊர் முழுக்கப் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து வரிசையாகப் புள்ளிகளை இணைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ரெண்டு வாரத்துக்குத் தோள் வந்துவிட்டது, சனிக்கிழமை முகம் வந்தது. எண்ணைத் தவறவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருந்ததால் மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஊதாப் பென்சில் எல்லா வீட்டிலும் இருக்காது அல்லவா. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் தீட்டியிருந்தார்கள். இடது கை பச்சையாகவும் மேலங்கி கட்டம் கட்டமாகவும் அவன் எழுந்து நின்றான். முன்பைவிடச் சற்றுக் குண்டாகவும் இருந்தான். கதாசிரியை அவன் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரத்துப் பக்கத்தை யோசிக்க உட்கார்ந்தாள்.

இன்னும் பதினாறு பேர் பாக்கி. வாரத்துக்கு ஒருவர் என்று புள்ளி வைத்தால் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். அதனால் ஆறு வித்தியாசங்களில் மொத்தக் குடும்பத்தையும் உட்காரவைத்துவிடலாம் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். மேல்மாடி அறை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் அதே படம் இன்னொரு முறை. அதே படம் இரண்டு முறை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. புதன்கிழமை காலை மாடியில் எல்லோரும் இரண்டு இரண்டாக இருந்தார்கள். நிறம் வந்துவிட்டது, அதில் குறையில்லை. முதல் பருந்துகள் இருவரில் ஒருவருக்கு மட்டும் கைத்தடி இருந்தது. மூன்றாவது பருந்துகளில் ஒருத்தி காதில் தோடு இல்லை, யார் எடுத்தது என்று இருவருக்கும் தகராறு. ஜன்னல்கூட இரண்டாகிவிட்டது, ஒன்றில் கம்பி கிடையாது. கடிகாரமும் அப்படித்தான், இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின. ஐந்தாவது வித்தியாசம் ஒரு மீசை.

ஆறாவது வித்தியாசம்தான் சிக்கலானது. எளிதாகக் கண்டுபிடிக்கட்டும் என்று, ரெண்டு வாரத்தை ஒரு படத்தில் போட்டு மற்றதில் விட்டிருந்தார் ஓவியர். புதன்கிழமை மதியம்வரை அவன் இருந்தான். மதியத்துக்கு மேல் முக்காலி காலியாக இருந்தது. மறுநாள் காலையில் வந்தான், மறுபடியும் மதியம் போய்விட்டான். எங்கே போகிறாய் என்று கேட்டால், "தெரியலக்கா, கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள மறுநாள் ஆயிடுது" என்றான். அவள் சாப்பிடவில்லை. அவளைத் தேடி மாடிக்கு வந்த கணவர், அந்த முக்காலிக்குப் பக்கத்தில் அவளோடு சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். நல்ல வேளையாக, வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் அதைப் பிள்ளைகள் பென்சிலால் வட்டம் போட்டு அழுத்துவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அவன் இருக்கும் நேரம் கொஞ்சம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் போகவே இல்லை.

இத்தனை பேர் நடந்தால் கூரை அதிரத்தானே செய்யும். அச்சு இயந்திரத்தின்மேல் சுண்ணாம்பு உதிர்வதாகப் புகார் வந்து, சின்ன முதலாளி முதல் தடவையாக மாடி ஏறினார். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே கால்வைக்க இடம் தேடினார்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார்.

"யாருமே இருந்ததில்லன்னு சொன்னீங்களே சார். அப்ப நீங்க யாரைப் பாக்குறீங்க?" என்றாள் கதாசிரியை.

அவர் முகம் சிவந்தது. இந்த வாரத்துப் பக்கம்தான் அவளுடைய கடைசிப் பக்கம், அடுத்த வாரம் முதல் அங்கே பற்பசை விளம்பரம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். மூன்றாவது பருந்துகளில் தோடு இல்லாதவள், சத்தமில்லாமல் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். கதாசிரியை அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கி அவிழ்த்து, பாத்திரங்களை அலமாரியில் பழையபடி அடுக்கினாள். அடுக்கும்போதே அவளுக்கு அடுத்த புதிர் தோன்றிவிட்டது. இந்த முறை இவர்களை அச்சில் ஏற்றுவதில்லை. சின்ன முதலாளியின் ஒரே பருந்தை அச்சிலிருந்து இறக்கிவிடுவது.

அந்த வாரம் 'வழி கண்டுபிடி.' மேல்மூலையில் கோபுரத்தின்மேல் இளம் பருந்து தனியாக நிற்கிறான். கீழ்மூலையில் ஒரு மாடிக் கதவு, வாசல் நிறையச் செருப்புகள். நடுவில் பக்கம் முழுக்கச் சந்துகள். 'பருந்து வீட்டுக்குப் போக வேண்டும், வழி காட்டுங்கள்' என்று அவள் எழுதினாள். முட்டுச்சந்துகளைக் குறைத்துப் போடுங்கள் அண்ணே என்று அவள் எவ்வளவு சொல்லியும் ஓவியர் கேட்கவில்லை. வேலையே போனாலும் புதிர் புதிராகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை இதழ் வந்தது. வியாழக்கிழமை இளம் பருந்து முழங்கை சிராய்த்து, மேலங்கி கிழிந்து, மேல்மாடிக் கதவைத் தட்டினான். "ஒரே முட்டுச்சந்து" என்றான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாவது பருந்துகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவன் மேலங்கியைத் தைத்தார்கள். இவர்கள் யார் என்று அவன் கேட்கவில்லை, யாராவது இருக்க வேண்டும் என்று அவனுக்கு முன்பே தோன்றியிருந்ததாம்.

வெள்ளிக்கிழமை அடுத்த இதழ் அச்சுக்குப் போனது. ஒரு கட்டத்திலும் பருந்து இல்லை. வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். எதிரில் வெறும் சுவர். 'நிறுத்து' என்ற வசனம் பேச ஆளில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. ஆறாம் பக்கத்தில் வில்லன் உட்கார்ந்துவிட்டான். ஒன்பதாம் பக்கத்தில் கொட்டாவி விட்டான். ஓவியர் தான் ஒழுங்காகத்தான் வரைந்ததாகச் சத்தியம் செய்தார், அது உண்மையும்கூட.

சின்ன முதலாளி இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். "தம்பி, கீழ வா. மிஷின் நிக்குது" என்றார்.

"அங்க எனக்கு யாருமே இல்ல சார்" என்றான் இளம் பருந்து. "இந்த மேலங்கியை உனக்கு யாரு குடுத்தான்னு வில்லன் கேக்குறான். என்ன பதில் சொல்ல? இவங்களையும் சேத்து வரைங்க, வரேன்."

சின்ன முதலாளி கதாசிரியையின் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் களைத்துப்போனவராகத்தான் கேட்டார். "இத்தனை பேரை வச்சுக்கிட்டு எப்படிம்மா கதை சொல்லுவீங்க? யாருக்குப் புரியும்?"

"புரியாது சார். எங்க வீட்டுச் சொந்தத்துலயே பாதிப் பேரை எனக்கு யாருன்னு புரியாது. அதுக்காக அவங்க இருந்ததே இல்லன்னு சொல்லிட முடியுமா? படிக்கிற பிள்ளைங்க பழகிப்பாங்க. நாம பழகிக்கலையா?"

சின்ன முதலாளி உட்கார இடம் தேடினார். எல்லா நாற்காலியிலும் பருந்து இருந்தது. அவர் நின்றபடியே "செவ்வாய்க்கிழமை இதழ் வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதாசிரியை மேசையை இழுத்துப் போட்டு அங்கேயே எழுத உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அந்த இதழில் எல்லோரும் வருகிறார்கள், இரட்டையர்கள் உட்பட. 'இதுவரை நடந்தது' என்ற பகுதியை அவள் எடுத்துவிட்டாள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். சில வாரம் வில்லனே வருவதில்லை, குடும்பச் சண்டையே பக்கத்தை நிரப்பிவிடுகிறது. கூரைக்கு இரும்பு உத்திரம் போட்டாயிற்று. மேலே இன்னொரு மாடி எழும்பியிருக்கிறது, அதுவும் நிறைந்துவிட்டது. எந்த வாரம் யார் விடுபட்டார்கள் என்று இப்போது சின்ன முதலாளியே கேட்டு, அவர்களைச் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறார்.

போன மாதம் ஒரு சிறுமி தன் அப்பாவோடு மாடியைப் பார்க்க வந்தாள். வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனவள், கடைசியில் இடுப்பில் கைவைத்து நின்று, "இதுல நிஜமான பருந்து யாரு?" என்று கேட்டாள். கதாசிரியை எழுதுவதை நிறுத்தினாள். முதல் பருந்துகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயடியில் திருகு முடுக்கிக்கொண்டிருந்த ரெண்டு வாரம், தலையைத் திருப்பாமலேயே, "நான்தான்" என்றான். கைத்தடி வைத்திருந்த முதல் பருந்து ஆமாம் என்று தலையசைத்தார். சிறுமி அவனிடம் போய்க் கை நீட்டினாள். அவன் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தன் பச்சைக் கையால் குலுக்கினான். பிறகு அவள் அப்பாவோடு படியிறங்கிப் போனாள்.